பல் மருத்துவ உபகரணச் சந்தை வளருது, சரி. அதுல போடுற உங்க பணமும் வளருமா?



நம்ம சேனலுக்கு ஒரு மெயில் வந்துச்சு. அனுப்பினவருக்கு 27 வயசு, சென்னையில ஐ.டி. வேலை. சொந்த ஊர் திருப்பாலைவனம், பொன்னேரியில இருந்து பழவேற்காடு போற வழியில இருக்கு. அவர் எழுதினதைச் சுருக்கமா சொல்றேன்.

"அண்ணா, என் தங்கச்சி பி.டி.எஸ். முடிச்சிட்டா. ஊர்லயே கிளினிக் போடணும்னு ஆசை. உபகரணம் விக்கிற ஏஜென்ட் 12 லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கார். கூடவே ஒரு மார்க்கெட் ரிப்போர்ட்டும் அனுப்பினார். பல் மருத்துவ உபகரணச் சந்தை வருஷா வருஷம் வேகமா வளருதாம், இப்ப இறங்கினாதான் லாபமாம். லோனுக்கு நான்தான் கேரண்டி கையெழுத்து போடணும். என்கிட்ட இருக்கிற 4 லட்சம் எஃப்.டி.யையும் உடைச்சு உள் அலங்காரத்துக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன். செய்யலாமா?"

இது அவர் ஒருத்தரோட கேள்வி மட்டும் இல்ல. இ.வி., ட்ரோன், சோலார், டயக்னாஸ்டிக் லேப்னு எந்தத் துறையா இருந்தாலும் "சந்தை வளருது"ன்னு ஒரு கிராஃப் காட்டித்தான் நம்ம சம்பளக் காசைக் கேக்குறாங்க. அதனால பல் மருத்துவத்தை உதாரணமா வச்சு, இந்த மாதிரி கிராஃபை எப்படிப் படிக்கணும்னு இன்னைக்குப் பார்த்துடலாம்.

திருப்பாலைவனம்னு பேரைக் கேட்டதும் வெளியூர்க்காரங்க மணலும் வெயிலும்தான் நினைப்பாங்க. ஆனா அது பாலை மரங்கள் நிறைஞ்ச வனமா இருந்ததால வந்த பேருன்னுதான் கோயில் தலபுராணம் சொல்லுது. பேரை மட்டும் வச்சு ஊரை முடிவு பண்ணக் கூடாது. ரிப்போர்ட் தலைப்பும் அப்படித்தான்.

1. முதல் கேள்வி: வாங்குறது யாரு?

டென்டல் சேர், எக்ஸ்ரே மெஷின், ஆட்டோகிளேவ், கம்ப்ரசர் இதையெல்லாம் பல்வலி வந்தவங்க வாங்குறதில்ல. டாக்டர்தான் வாங்குறார். அதாவது உபகரணக் கம்பெனிக்கு வாடிக்கையாளர் டாக்டர். டாக்டருக்கு வாடிக்கையாளர் நோயாளி. ரெண்டும் வேற வேற சந்தை.

இந்தியாவுல 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. வருஷத்துக்கு 25,000க்கும் அதிகமான பி.டி.எஸ். இடங்கள். தமிழ்நாட்டுல சென்னை, சிதம்பரம், 2023-ல தொடங்கின புதுக்கோட்டைன்னு அரசுக் கல்லூரிகள், அதுக்கு மேல இருபதுக்கும் அதிகமான தனியார் கல்லூரிகள். படிச்சு முடிக்கிற ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு பகுதி பேர் சொந்தமா கிளினிக் போடுறாங்க. ஒவ்வொரு புது கிளினிக்கும் குறைஞ்சது ஒரு சேர் வாங்கியே ஆகணும்.

இப்ப ஒரு தெருவைக் கற்பனை பண்ணிக்கோங்க. ரெண்டு கிளினிக் இருந்த இடத்துல நாலு வந்துடுச்சு. நோயாளிங்க எண்ணிக்கை மாறல. உபகரண விற்பனை ரெட்டிப்பு. ஒவ்வொரு டாக்டருக்கும் வர்ற நோயாளி பாதி. ஏஜென்ட் காட்டுற கிராஃப் மேல போகுது, டாக்டரோட வருமானம் கீழ போகுது. ரெண்டுமே ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும். இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயம் நினைவு வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க.

2. டிமாண்ட் உண்மையிலேயே எங்கிருந்து வருது?

ரிப்போர்ட் பொய்னு நான் சொல்லல. டிமாண்டை ஏத்துற உண்மையான காரணங்களும் இருக்கு.

முதலாவது, டிஜிட்டல். ஃபிலிம் எக்ஸ்ரே போய் கம்ப்யூட்டர்ல உடனே படம் காட்டுற சென்சார் வந்தாச்சு. வாயில மாவு வச்சு அச்சு எடுக்குறதுக்குப் பதிலா ஸ்கேனர் வருது. இம்ப்ளான்ட் வைக்கிறவங்க முப்பரிமாண சி.பி.சி.டி. ஸ்கேன் கேக்குறாங்க.

ரெண்டாவது, சுத்தம். கொரோனாவுக்கு அப்புறம் நோயாளிங்களே "கருவியை எப்படி ஸ்டெரிலைஸ் பண்றீங்க?"ன்னு கேக்குறாங்க. நல்ல ஆட்டோகிளேவ் இல்லாம கிளினிக் நடத்துறது இப்ப கஷ்டம்.

மூணாவது, பாதரசம். பல் சொத்தையை அடைக்கிற வெள்ளி நிற அமால்கம்ல பாதரசம் இருக்கு. பாதரசத்தைக் கட்டுப்படுத்துற மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், 2034-க்குள்ள பல் அமால்கமை நிறுத்தணும்னு 2025 நவம்பர்ல ஜெனீவாவுல முடிவு பண்ணாங்க. அப்படின்னா பல் நிறத்துல இருக்கிற காம்போசிட், அதை இறுக வைக்கிற லைட் க்யூர் கருவி ரெண்டுக்கும் தேவை கூடும்.

நாலாவது, வரியும் விதியும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருத்துவ, பல் மருத்துவக் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12%-ல இருந்து 5% ஆச்சு. மத்த தொழில்ல கட்டின ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாம். மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறதால டாக்டருக்கு அந்த வசதி இல்ல, கட்டின வரி முழுசும் கைக்காசு. 10 லட்சம் மதிப்புள்ள கருவிக்கு முன்னாடி 1.2 லட்சம் வரி, இப்ப 50,000. நேரடியா 70,000 மிச்சம். ஆனா டென்டல் சேர் வரி அட்டவணையில வேற தலைப்புல வருது. அதனால கொட்டேஷன்ல ஒவ்வொரு பொருளுக்கும் ஜி.எஸ்.டி. விகிதத்தைத் தனித்தனியா போடச் சொல்லுங்க. மொத்தமா ஒரே தொகை போட்டிருந்தா அங்கயே ஒரு கேள்வி கேளுங்க.

3. ரூபாய்ல வளர்ச்சியா, எண்ணிக்கையில வளர்ச்சியா?

இந்தியாவுல பெங்களூர்ல இருக்கிற கான்ஃபிடென்ட் மாதிரி கம்பெனிகள் சேர் தயாரிக்கிறாங்க. ஆனா ஸ்கேனர், சி.பி.சி.டி., இம்ப்ளான்ட் மாதிரி விலை கூடின சமாச்சாரங்கள்ல பெரும்பகுதி இறக்குமதி. அதனால டாலர் விலையைக் கவனிக்கணும்.

2022 தொடக்கத்துல ஒரு டாலர் சுமார் 75 ரூபாய். 2025 டிசம்பர்ல 90-ஐத் தாண்டுச்சு. அதே மெஷின், அதே டாலர் விலை. ரூபாய்ல மட்டும் 20% ஏறிடுச்சு. ஒரு மெஷின்கூட கூடுதலா விக்கலைன்னாலும் "நாலு வருஷத்துல சந்தை 20% வளர்ந்தது"ன்னு எழுதலாம். வருஷக் கணக்குல பார்த்தா கிட்டத்தட்ட 4.7% வளர்ச்சி, சும்மாவே!

அதனால எந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாலும், "எத்தனை கோடிக்கு வித்துச்சு?"ன்னு மட்டும் பார்க்காம "எத்தனை வித்துச்சு?"ன்னும் பாருங்க. எண்ணிக்கையே இல்லாத ரிப்போர்ட்டை வச்சு முதலீடு முடிவு எடுக்காதீங்க.

4. தேவை வேற, டிமாண்ட் வேற

இப்ப ஊருக்கு வருவோம். 2002-03-ல நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்புல 35 முதல் 44 வயசுக்காரங்கள்ல சுமார் 80% பேருக்குப் பல் சொத்தை இருந்துச்சு. இதைக் காட்டி "பத்துல எட்டு பேர் உங்க கஸ்டமர்"னு சொல்லுவாங்க. ஆனா அது தேவைதான். அந்த எட்டு பேரும் பணம் எடுத்துட்டு கிளினிக் வாசலுக்கு வந்தாதான் அது டிமாண்ட்.

நடுவுல என்ன தடை?

பணம் ஒண்ணு. பெரும்பாலான ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசியில சாதாரண பல் சிகிச்சைக்கு கவர் கிடையாது, விபத்துல அடிபட்டா மட்டும்தான். அதனால ரூட் கேனால், கேப், பல் செட் எல்லாமே கைக்காசு. கைக்காசுன்னா ஜனங்க தள்ளிப் போடுவாங்க. வலி தாங்க முடியாம வர்றப்ப "பிடுங்கிடுங்க டாக்டர், அதான் செலவு கம்மி"ம்பாங்க.

வருமானம் வர்ற விதம் ரெண்டு. பழவேற்காடு ஏரியில பல கிராமங்கள்ல 'பாடு' முறை இருக்கு. குறிப்பிட்ட இடத்துல வலை போட ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வரும். முறை வந்த நாள்ல இறால் பட்டா காசு, இல்லைன்னா அடுத்த முறை வரைக்கும் காத்திருக்கணும். முகத்துவாரம் மணல் மூடி அடைச்சா ஏரியில மீன்வரத்து குறையும், படகு கடலுக்குப் போறதும் சிக்கல். ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடுற நாள்ல கடலுக்குப் போகாதீங்கன்னு எச்சரிக்கை வரும். புயல் சின்னம்னா மொத்தமா நிக்கும். நமக்கு மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் கிரெடிட் ஆகுற மாதிரி அங்க கிடையாது. காசு மொத்தமா வரும், மொத்தமா நிக்கும். ஆனா இ.எம்.ஐ. மட்டும் ஒவ்வொரு மாசமும் அதே தேதியில போகும்!

மாற்று வழி மூணு. பொன்னேரி போனா சென்னை சென்ட்ரலுக்கு நேரா மின்சார ரயில் இருக்கு. சென்ட்ரல்ல இருந்து அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பெரிய தூரம் இல்ல. பெரிய செலவு வர்ற நோயாளிங்க அங்கதான் போகப் பார்ப்பாங்க.

இதையெல்லாம் சொல்றதால அந்த ஊருக்குக் கிளினிக் வேண்டாம்னு அர்த்தம் இல்ல. கண்டிப்பா வேணும். ஒரு பல்வலிக்கு ஒரு நாள் பாட்டை விட்டுட்டு ரயிலேறிப் போறது எவ்வளவு பெரிய இழப்பு! ஊர்ப் பொண்ணு டாக்டரா வந்து உட்கார்ந்தா நம்பிக்கையும் தானா வரும். கேள்வி என்னன்னா, அந்த ஊர் வருமானத்துக்குப் பொருந்துற அளவுல கிளினிக் இருக்கா, இல்ல கொட்டேஷனுக்குப் பொருந்துற அளவுல இருக்கா?

5. வாங்க, கணக்கு போடலாம்

இதுல வர்ற வாடகை, சம்பளம், பில் எல்லாம் நான் எடுத்துக்கிட்ட அனுமானம். உங்க ஊர் விவரத்தைப் போட்டு மாத்திக்கோங்க.

லோன் 12 லட்சம், வட்டி 12%, 5 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 26,700. மொத்தம் கட்டுறது சுமார் 16 லட்சம், அதுல வட்டி மட்டும் 4 லட்சம்.

மாசச் செலவு: வாடகை 8,000, உதவியாளர் சம்பளம் 10,000, கரன்ட், தண்ணி, இன்டர்நெட் 4,000, பராமரிப்பு 5,000. ஆக 27,000. இ.எம்.ஐ. சேர்த்தா 53,700. தங்கச்சி தனக்குன்னு 25,000 மட்டும் எடுத்துக்கிட்டா 78,700.

ஒரு நோயாளிக்கு சராசரி பில் 600 ரூபாய்னு வைங்க. மெட்டீரியல், லேப் செலவு 30% போக கையில நிக்கிறது 420.

78,700-ஐ 420-ஆல வகுத்தா மாசம் 188 நோயாளி. 26 நாள் திறந்தா, தினமும் 7-ல இருந்து 8 பேர். கிளினிக் திறந்த முதல் மாசத்துல இருந்தே!

சரி, தினமும் 4 பேர்தான் வர்றாங்கன்னு வைங்க. 104 பேர், கையில நிக்கிறது 43,680. தங்கச்சி ஒரு பைசா சம்பளம் எடுக்கலைன்னாலும் மாசம் சுமார் 10,000 பள்ளம். அந்தப் பள்ளத்தை யார் அடைப்பாங்க? கேரண்டி கையெழுத்து போட்ட அண்ணன்.

கொட்டேஷன்ல வராத செலவும் இருக்கு. எக்ஸ்ரே வச்சா அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துல பதிவு பண்ணணும். கிளினிக்குக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு, மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வேணும். அப்புறம் தண்ணி. மீஞ்சூர், பொன்னேரி கடலோரப் பகுதியில நிலத்தடி நீர்ல கடல் நீர் கலந்தது பல வருஷப் பிரச்சினை. ஆட்டோகிளேவுக்கு டிஸ்டில்டு வாட்டர் கட்டாயம், பல் குடையுற ஹேண்ட்பீஸுக்கும் உப்புத் தண்ணி ஆகாது. உப்புக் காத்துல இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மெஷின் நின்னா சர்வீஸ் ஆள் எங்கிருந்து, எத்தனை நாள்ல வருவார், வந்துபோற செலவு யாருது? இதை எழுத்துல வாங்காம அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

"ஒரு சி.பி.சி.டி. ஸ்கேனும் போட்டுடலாமே"ன்னு யாராவது சொன்னா அதுக்கும் இதே கணக்குதான். 30 லட்சம் லோன், 12%, 7 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 53,000. ஒரு ஸ்கேனுக்கு 1,500 வாங்கினா, இ.எம்.ஐ.க்கு மட்டுமே மாசம் 36 ஸ்கேன் வேணும். அதனாலதான் இந்த மாதிரி மெஷின் பெரும்பாலும் நிறைய டாக்டர்கள் ஆள் அனுப்புற நகரத்து ஸ்கேன் சென்டர்ல உட்காருது.

6. "கிளினிக் வேண்டாம், ஷேர் வாங்கிடலாமா?"

இதையும் சிலர் கேப்பீங்க. உலகச் சந்தையில நடந்ததைப் பாருங்க.

2016 பிப்ரவரியில டென்ட்ஸ்ப்ளையும் சிரோனாவும் இணைஞ்சு பல் மருத்துவப் பொருட்கள்ல உலகத்தோட பெரிய கம்பெனிகள்ல ஒண்ணாச்சு. அப்ப ஷேர் சுமார் 60 டாலர். 2025 கடைசியில 20 டாலருக்கும் கீழ. பல்லைச் சீராக்குற இன்விசலைன் தயாரிக்கிற அலைன் கம்பெனி ஷேர் 2021-ல 700 டாலரைத் தாண்டுச்சு, 2022 கடைசியில 200 டாலர் பக்கம் வந்துச்சு. வீட்டுக்கே அலைனர் அனுப்பின ஸ்மைல் டைரக்ட் கிளப் 2019-ல 23 டாலருக்கு ஐ.பி.ஓ. வந்துச்சு, 2023-ல திவாலாகி மூடிட்டாங்க. இத்தனை வருஷத்துல பல் மருத்துவமனைக்குப் போற கூட்டம் ஒண்ணும் நின்னுடல. ஆனா வாங்கின விலை, போட்டி, கடன், நிர்வாகம் இதெல்லாம்தான் முதலீட்டாளருக்கு என்ன கிடைக்கும்னு முடிவு பண்ணுச்சு.

நம்ம நாட்லயும் பிரிவெஸ்ட் டென்ப்ரோ 2021-ல, டென்டல்கார்ட் நடத்துற வாசா டென்டிசிட்டி 2023-ல, லக்ஷ்மி டென்டல் 2025-ல பட்டியலாச்சு. முதல் ரெண்டும் வந்தது சின்ன கம்பெனிகளுக்கான எஸ்.எம்.இ. வழியில. அந்த வழியில இப்ப குறைஞ்சபட்ச விண்ணப்பமே 2 லட்சத்துக்கு மேல, வாங்க விக்க ஆளும் கம்மி. வாங்குங்க, வாங்காதீங்கன்னு நான் எதுவும் சொல்லல. "துறை வளருது" அப்படிங்கறது மட்டும் ஒரு ஷேரை வாங்கக் காரணம் ஆகாது.

7. கேரண்டி கையெழுத்துன்னா என்ன?

"சும்மா ஒரு கையெழுத்துதான்"னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128 படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லியிருந்தா தவிர, கடன் வாங்கினவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு கேரண்டி போட்டவருக்கும் உண்டு. "முதல்ல அவங்ககிட்ட கேளுங்க"ன்னு பேங்க்ல சொல்ல முடியாது. அந்தக் கடன் உங்க கிரெடிட் ரிப்போர்ட்லயும் வரும். நாளைக்கு நீங்க வீட்டுக் கடன் கேக்கும்போது இந்த 12 லட்சமும் உங்க பக்கத்துலதான் நிக்கும்.

நான் அவருக்குச் சொன்ன பதில்

"தம்பி, தங்கச்சியோட கனவை நிறுத்தாதீங்க. கொட்டேஷனைச் சின்னது பண்ணுங்க.

முதல் வருஷம் அவங்க பொன்னேரியிலயோ மீஞ்சூர்லயோ இருக்கிற கிளினிக்ல சம்பளத்துக்கோ சதவீதத்துக்கோ வேலை செய்யட்டும். வாரம் மூணு சாயங்காலம் மட்டும் திருப்பாலைவனத்துல திறக்கட்டும். ஒரு சாதாரண இந்திய சேர், கம்ப்ரசர், நல்ல ஆட்டோகிளேவ், அத்தியாவசியக் கருவிகள்னு 5 லட்சத்துக்குள்ள முடிங்க. முத்ரா திட்டத்துல 5 லட்சம் வரைக்கும் கிஷோர் பிரிவு இருக்கு, அதுக்குச் சொத்து அடமானம் கேக்கக் கூடாது. உங்க கையெழுத்து இல்லாம கிடைக்குமான்னு முதல்ல அங்க விசாரிங்க.

5 லட்சத்துக்கு அதே 12%, 5 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 11,100. வாடகை, பகுதி நேர உதவியாளர், மத்த செலவு 18,000. மொத்தம் 29,100. மாசம் 13 சாயங்காலத்துல 70 பேர் வந்தா போதும். ஒரு சாயங்காலத்துக்கு அஞ்சாறு பேர். நாலு பேர்தான் வந்தாலும் பள்ளம் 7,300 தான், அதை அவங்க பொன்னேரி வருமானத்துலயே அடைச்சிடலாம். உங்க சம்பளத்துல கை வைக்க வேண்டாம்.

தினமும் யார் வந்தாங்க, என்ன சிகிச்சை, எவ்வளவு கொடுத்தாங்க, எத்தனை பேரை 'இது இங்க இல்ல'ன்னு வேற இடத்துக்கு அனுப்பினோம்னு ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. ஒரு வருஷம் கழிச்சு அந்த நோட்டுதான் உங்க ஊரோட உண்மையான மார்க்கெட் ரிப்போர்ட். மாசம் இருபது பேரை எக்ஸ்ரேவுக்கு வெளிய அனுப்புறாங்கன்னா, அப்ப எக்ஸ்ரே வாங்குங்க. எஃப்.டி. 4 லட்சத்தைத் தொடாதீங்க, அது உங்க அவசரகால நிதி."

மறுநாள் அவர்கிட்ட இருந்து பதில் வந்துச்சு. "தங்கச்சிகிட்ட படிச்சுக் காட்டினேன் அண்ணா. முதல்ல கோவிச்சுக்கிட்டா. அப்புறம் அவளே கால்குலேட்டரை எடுத்து, 'நோயாளிகிட்ட 600 வாங்க முடியாது, 400 தான் நம்ம ஊருக்குச் சரி'ன்னு திருப்பிக் கணக்கு போட்டா."

அந்த 400-ஐப் போட்டா, கையில நிக்கிறது 280. சின்ன செட்டப்புக்கே மாசம் 104 பேர், அதாவது ஒரு சாயங்காலத்துக்கு 8 பேர் வேணும். 12 லட்சம் செட்டப்புக்கு? தினமும் கிட்டத்தட்ட 11 பேர், வாரம் ஆறு நாளும். ஊரைத் தெரிஞ்ச டாக்டர் ஒரே ஒரு எண்ணை மாத்தினதும் மொத்தக் கணக்கும் மாறிடுச்சு பாருங்க. இந்த எண் எந்த மார்க்கெட் ரிப்போர்ட்லயும் இருக்காது.

அடுத்த தடவை யாராவது "இந்தச் சந்தை வளருது"ன்னு சொன்னா இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. அங்க வாங்குறது யாரு, எனக்குப் பணம் கொடுக்கப் போறது யாரு? ரெண்டும் ஒரே ஆளா?
2. வளர்ச்சி எண்ணிக்கையிலயா, ரூபாய்ல மட்டுமா?
3. தேவை இருக்கிறவங்க கையில, தேவைப்படுற நேரத்துல காசு இருக்குமா?
4. எதிர்பார்த்ததுல பாதி பேர் வந்தா மாசப் பள்ளம் எவ்வளவு, அதை யார் அடைப்பாங்க?

நாலாவது கேள்விக்குப் பதில் "நான்தான்"னு வந்தா, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கணக்கு போடுங்க.